ஆறு இலக்கம்

எம்.எஸ்.எக்ஸ். என்றால் இப்போது
ஃபிரானெக்கரில் யாருக்கும் தெரிவதில்லை.
மருந்துக்கடைப் பெண் ஏதோ மாத்திரை என்று நினைத்து
அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர், அம்மா. கம்ப்யூட்டர்.
கீபோர்டுக்குள்ளேயே மூளை,
மேலே காட்ரிட்ஜ் செருக ஒரு பொந்து.
ஸ்விட்சைப் போட்டால்
நான் ஷூவைக் கழற்றுவதற்குள் தயாராகிவிடும்.

எண்பத்தாறில் வாங்கினேன்.
அதே மாதம் காரை விற்கவேண்டி வந்தது.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று
சித்ஸ்க்கேயிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

பந்தயப் புறா சங்கத்தில் கணக்கு என் பொறுப்பு.
ஓர்லியானில் கூடைகளைத் திறப்பார்கள்.
இங்கே வந்துசேர அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்,
சிலருக்கு ஒன்றிரண்டு கூட, சிலருக்குக் குறைய.
தூரத்தை நேரத்தால் வகுக்கவேண்டும்.
ஈர மழைக்கோட்டும் ஜின்னும் மணக்கும் அறையில்
பதினெட்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க
பிரிண்டர் மட்டும் கரகரவென்று பேசும்.
நூற்றுப் பன்னிரண்டு வரி புரோகிராம்.
ஒவ்வொரு வரியும் நான் எழுதியது.

ஹெஸ்ஸல்தான் முதலில் கட்சி மாறினான், அமிகாவுக்கு.
அப்புறம் ஒவ்வொருவராகப் பழுப்புப் பெட்டி,
பழுப்பிலிருந்து கறுப்புப் பெட்டி,
கடைசியில் சட்டைப்பையில் அடங்கும் கண்ணாடி.
நான் இன்னொரு எம்.எஸ்.எக்ஸ். வாங்கினேன்,
விவாகரத்தான ஒருவன் மழையில் நின்று விற்றது.
மூன்றாவது ஒன்றும் வாங்கினேன்,
அதன் ஸ்பேஸ் பாருக்காக மட்டும்.

புறாக்காரனாச்சே, கூடு மாறுவானா
என்று சங்கத்தில் சிரிப்பார்கள்.
நானும் சிரித்துவைப்பேன்.
வசதியான பேச்சு அது.

போன மாதம் மகள் ஃப்ரௌக்யே லேப்டாப்போடு வந்தாள்.
"அப்பா, உங்கள் மிஷின் இதற்குள்ளேயே ஓடும், பாருங்கள்."
ஓடியது.
அதே நீலத்திரை, அதே வெள்ளை எழுத்து,
அச்சு அசல்.
கீ அழுத்தம் சரியில்லை என்றேன்.
"சரி, புதிதாகவே எழுதித் தருகிறேன்.
பழைய பந்தயம் எல்லாவற்றையும்
ஒரே நொடியில் மறுபடி கணக்கிட்டுவிடும்."
எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

தொண்ணூற்றொன்று, ஜூன். தெற்குக் காற்று.
ஊனேவின் நீலப் பெட்டை,
என் சிவப்பு ஆண்.
இரண்டுக்கும் 1287.43 என்றது பிரிண்டர்.
சமம் வந்தால் கோப்பை பட்டியலில் முன்னால் இருப்பவருக்கு.
நான் மூன்றாம் எண், ஊனே பதினொன்று.

அன்றிரவு சமையலறையில்
பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.
இரண்டு தடவை.
ஏழாவது இலக்கத்தில்
ஊனேவின் பெட்டை முந்திவிட்டிருந்தது.

மிஷின்மேல் பழி போட வழியில்லை.
பதினான்கு இலக்கம் வரை போகத் தெரிந்த மிஷின் அது.
மெமரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று
முந்நூற்று நாற்பதாவது வரியில்
வேகத்தின் வாலில் ஓர் ஆச்சரியக்குறி வைத்து
ஆறு போதும் என்றவன் நான்.
சொன்னபடி கேட்டது. அவ்வளவுதான்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.
அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று
கோப்பைக்குள் பேட்டரிகளும் சாவிகளும் சேர்ந்துவிட்டன.
வேறு எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும்
விற்பவன் முதலில் சொல்வது துல்லியம்.
வெளியே வந்துவிடுவேன்.

வியாழக்கிழமைகளில் ஊனே வருகிறான்.
இடுப்பெலும்பு புதிது, ஆள் பழையவன்.
மூடியை ஒரு தட்டு தட்டி,
"நல்ல மிஷின், ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்பான்.
நேற்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரையருகே குனிந்து
வரி வரியாகப் படித்துக்கொண்டே போனான்.
விரல் நின்றது.
"இங்கே எதற்கு ஆச்சரியக்குறி?"

"வேகத்தைப் பார்த்து மிஷின் ஆச்சரியப்படுகிறது" என்றேன்.

ஊனே சிரித்தான்.
விரலை எடுக்கவில்லை.
சித்ஸ்க்கே காப்பி கொண்டுவந்து வைத்தாள்,
இரண்டு கோப்பை,
அவனுக்குச் சர்க்கரை தனியாக.